தலைமடையில் நிற்பவரின் நம்பிக்கை

2023 மார்ச் மாதத் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று சொல்லும் போலிக் காணொளிகள் கைபேசிகளில் பரவின. மாநிலக் காவல்துறை உடனடியாக மறுத்தும், பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரித்தும், ஹோலிக்கு ஊர் போகக் காத்திருந்தவர்களோடு அச்சத்தால் கிளம்பியவர்களும் சேர்ந்து ரயிலேறினார்கள். நடக்காத ஒன்றைப் பற்றிய நம்பிக்கைக்கே இவ்வளவு வலு இருக்குமானால், வேற்று மொழிக்காரரோடும் வேற்றுச் சாதிக்காரரோடும் சேர்ந்து வேலை செய்வது நன்மையா தீமையா என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் மனத்தில் வைத்திருக்கும் கருத்து, பனியன் கம்பெனியின் தையல் லைனுக்குள் நாள்தோறும் என்ன செய்கிறது என்பது ஆராயத் தக்க கேள்வி. உளவியலார் இக்கருத்தைப் பன்மை பற்றிய நம்பிக்கை என்பர்.

பலதரப்பட்டவர்கள் தலைமையில் இருக்கும் நிறுவனங்கள் கூடுதல் லாபம் ஈட்டுகின்றன என்று மெக்கின்சி ஆலோசனை நிறுவனம் 2015 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகள் இன்று கருத்தரங்குதோறும் மேற்கோளாகின்றன. ஆனால் ஜெரமையா கிரீன், ஜான் ஹேண்ட் என்னும் கணக்கியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களின் கணக்குகளை எடுத்துச் சரிபார்த்து 2024 இல் வெளியிட்ட ஆய்வில் அந்தத் தொடர்பு தென்படவில்லை. ஆகவே பன்மை தானாகவே பணம் கொட்டும் என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். அது தானாகவே வேலையைக் கெடுக்கும் என்ற பேச்சையும் அதே கையோடு ஒதுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் நடப்பதுதான் சுவையானது.

அதை மிகத் தெளிவாகக் காட்டியது கென்யாவின் ஒரு ரோஜாப்பூத் தொழிற்சாலை. யோனாஸ் யோர்ட் என்னும் பொருளியலாளர் 2014 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே ஒருவர் பூக்களைத் தரம் பிரித்து எதிரே நிற்கும் இருவருக்குத் தள்ள, அவர்கள் கட்டுக் கட்டுவார்கள். மூவர் கூலியும் கட்டும் பூக்களின் எண்ணிக்கையைச் சார்ந்தது. கிக்குயு, லுவோ ஆகிய இரு இனத்தவர் கலந்து நின்ற குழுக்களில், பூத் தருபவர் தம் இனத்தவருக்குக் கூடுதலாகவும் மற்றவருக்குக் குறைவாகவும் தந்தார். அதனால் மொத்த விளைச்சலும் அவருடைய கூலியுமே குறைந்தபோதும் அப்படியே செய்தார்.

வாய்க்கால் பாசனம் கண்டவர்களுக்கு இது புதிதன்று. தலைமடைக்காரர் மண்வெட்டியால் ஒரு கொத்து மண்ணை இழுத்துப் போட்டால் போதும், கடைமடைக்காரரின் வயலுக்குத் தண்ணீர் குறையும். குறைந்தது அணையில் நீரில்லாததாலா, மேலே அடைத்ததாலா என்று கடைமடைக்காரருக்குத் தெரியாது. பயிர் வாடினால் ஊரார் அவரைத்தான் சோம்பேறி என்பார்கள், அடுத்த ஆண்டு தண்ணீர் பங்கிடும்போது அந்தப் பெயரே அவருக்கு எதிரான சாட்சியாகும். 2007 டிசம்பர் தேர்தலையொட்டிக் கென்யாவில் இனக்கலவரம் மூண்டபின் இந்த அடைப்பு இன்னும் இறுகி, கலப்புக் குழுக்களின் இழப்பு ஏறத்தாழ இரு மடங்கானது. அப்போது நிர்வாகம் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. எதிரே நிற்கும் இருவரின் கட்டுகளையும் சேர்த்து எண்ணிக் கூலியைப் பகிர்ந்தது. இரண்டு கடைமடை வயல்களின் விளைச்சலும் ஒரே களத்தில் கொட்டப்பட்டுச் சமமாக அளக்கப்படும் என்றானபின், ஒரு மடையை அடைத்து மற்றொன்றைத் திறப்பதால் தம்மவருக்கு எந்த ஆதாயமும் இல்லை என்பதால், இருவருக்கிடையே காட்டப்பட்ட பாகுபாடு மறைந்தது. மனம் மாறியதா என்பது வேறு செய்தி, கையின் செயல் மாறியது.

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் தோள் சேர்ந்து, கழுத்து ஏறி, கை ஏறி, ஓவர்லாக்கில் பக்கம் மூட்டப்பட்டு, பேட்லாக்கில் அடி மடிக்கப்பட்டுச் செக்கிங் மேசைக்குப் போகிறது. ஓவர்லாக் டைலர், துணி ஓரம் ஒழுங்காக வெட்டுப்படவில்லை என்று பின்னால் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பத்து பீஸோடு போகும். சொல்லாமல் தள்ளினால் பண்டல் முழுவதும் பிரித்துத் தைக்க வேண்டிவரும். அந்த ஒரு வார்த்தை தமிழிலா இந்தியிலா ஒடியாவிலா என்பதைவிட, அதைச் சொல்வதால் பயன் உண்டு என்று அவர் நம்புகிறாரா என்பது முக்கியம். ஆஸ்ட்ரிட் ஹோமனும் கூட்டாளிகளும் நெதர்லாந்தில் நடத்தி 2007 இல் வெளியிட்ட சோதனையிலும், வேறுபட்ட தகவல்களைக் கையில் வைத்திருந்த குழுக்கள், வேறுபாடு பயன்தரும் என்று நம்பவைக்கப்பட்டபோதே அத்தகவல்களைப் பேசி அலசிச் சிறப்பாகச் செயல்பட்டன.

திருப்பூரின் வரலாற்றில் ஒன்றை மட்டும் குறிப்பிட்டாக வேண்டும். உழவுக் குடும்பங்களிலிருந்து தொழிலாளராக வந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் ஏற்றத்துக்குத் தங்கள் உழைப்பையே காரணமாகச் சொன்னதை ஷரத் சாரி 2004 இல் வெளியான திருப்பூர் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். யார் உழைப்பாளி என்ற முத்திரை அந்த ஊரில் வெறும் பேச்சாக என்றும் இருந்ததில்லை. இன்று அது, வடமாநிலத்தவர் லீவு கேட்காமல் ஒன்றரை ஷிப்ட் நிற்பார்கள் என்ற பாராட்டாக வருகிறது. இப்பாராட்டும் ஆபத்தானதே, நீண்ட நேரம் நிற்கப் பிறந்தவர் என்று கருதப்படுபவருக்கு நீண்ட நேர வேலையே ஒதுக்கப்படும், சூப்பர்வைசர் ஆவதற்கான பயிற்சி ஒதுக்கப்படாது.

மேலிருப்பவர் குத்தும் இத்தகைய முத்திரை வேலையை எவ்வாறு மாற்றுகிறது என்பதைப் பிரான்சின் பல்பொருள் அங்காடிகளில் நடந்து 2017 இல் வெளியான ஆய்வு விளக்குகிறது. ஆப்பிரிக்க வம்சாவளிக் காசாளர்கள், தங்களைப் பற்றித் தாழ்வான மனச்சாய்வு கொண்ட மேலாளரின் கீழ் வேலை ஒதுக்கப்பட்ட நாட்களில் மட்டும் மெதுவாக வேலை செய்தார்கள், அடிக்கடி விடுப்பெடுத்தார்கள். அம்மேலாளர்கள் திட்டவில்லை; அவர்கள் பக்கம் குறைவாகவே வந்தார்கள், குறைவாகவே வேலை கேட்டார்கள்.

ஃபர்ஸானா அஃப்ரிதி, அம்ரிதா தில்லான், ஸ்வாதி சர்மா ஆகியோர் இந்திய ஆடைத் தொழிற்சாலைகளில் செய்த ஆய்வு, லைனில் தம் சாதியார் அதிகமிருந்தால் உற்பத்தி கூடுவதாகக் கண்டது. அப்படியானால் சாதிக்கொரு லைன் போடலாமே என்று முதலாளிகள் அவசரப்படக் கூடாது. மேற்கு வங்க உணவுத் தொழிற்சாலை ஒன்றில் இந்துக்களையும் முஸ்லிம்களையும் குலுக்கல் முறையில் கலந்து நிறுத்திய ஆர்கதேவ் கோஷ், ஒருவரையொருவர் இடைவிடாமல் சார்ந்த வேலையில் தொடக்கத்தில் ஏற்பட்ட இழப்பு நான்கு மாதங்களில் முற்றிலும் நீங்கியதையும், கலந்து நின்ற இந்துத் தொழிலாளர்களின் மனப்பாங்கு மேம்பட்டதையும் கண்டார். காண்டிராக்டர் வழியே கூட்டாக வந்து, பண்டிகைக்கு ஊர் போய், திரும்பி வேறு கம்பெனியில் சேரும் ஓட்டத்தில் திருப்பூர்த் தொழிலாளருக்கு அந்த நான்கு மாதம் வாய்ப்பது அரிது. கலந்த லைன் சரிப்படாது என்று தீர்ப்பெழுதுமுன், கம்பெனிகள் தொழிலாளர்களைக் கலந்து உட்காரவைத்து, பீஸ் ரேட்டை லைன் முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்டு, ஒரு தீபாவளி முதல் ஹோலி வரையாவது நிலைத்திருக்கும்படி கூலியும் தங்குமிடமும் தந்து பார்க்க வேண்டும்.