எதையும் செதுக்காத கண் சிகிச்சை

மைனஸ் பத்து, பன்னிரண்டு என்று கனத்த கண்ணாடி அணிந்து வாழும் இளைஞர்களுக்கு, லேசர் சிகிச்சைக்கு உங்கள் கண் ஏற்றதன்று என்று வைத்தியர் சொல்லும் வார்த்தை பெரும் மனச்சோர்வைத் தருவது. ஆயினும் அவர் அப்படிச் சொல்வதற்குத் தக்க காரணம் இருக்கிறது. கண்ணின் முகப்பில் நிர்மலமாக விளங்கும் கார்னியாவின் கனம் நடுவில் அரை மில்லிமீட்டரைச் சற்றே கடந்தது. பவரில் ஒவ்வோர் எண்ணையும் போக்க லேசர் அதிலிருந்து சுமார் 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்கி எடுக்க வேண்டியிருப்பதால், பவர் ஏற ஏற எஞ்சுகின்ற கார்னியா மெலிந்து, உள்ளழுத்தத்தைத் தாங்கமாட்டாமல் முன்னால் பிதுங்கிவிடும் அபாயம் உண்டாகிறது.

அத்தகையோருக்கு உள்ள மற்றொரு மார்க்கம்தான் ஐ.சி.எல். என்று வைத்தியசாலைகளில் வழங்கும் உள்விழி வில்லை. கார்னியாவைச் செதுக்காமலும், பிறவியிலேயே அமைந்த வில்லையை அகற்றாமலும், கண்ணின் நிறத்திரைக்கும் அந்த இயற்கை வில்லைக்கும் நடுவேயுள்ள குறுகிய இடைவெளியில் மெல்லிய வில்லையொன்றைச் சேர்ப்பதே இதன் தத்துவம். வேண்டாமென்றால் அதைத் திரும்ப எடுத்துவிடலாம் என்பது இதன் விசேஷ குணம்.

எண்ணம் என்னவோ பழையதுதான். 1949-இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி, கண்புரையை நீக்கிய கண்ணில் முதன்முதலாகச் செயற்கை வில்லை வைத்தார். சில ஆண்டுகளுக்குள், 1953-இல், இத்தாலியின் ஸ்ட்ராம்பெல்லி, புரையில்லாத கிட்டப்பார்வைக் கண்ணுக்குள்ளும் வில்லை வைக்கத் துணிந்தார். பின்னர் பார்சிலோனாவில் பராக்கரும் அவ்வழியே சென்றார். அவர்கள் வைத்த இடம் நிறத்திரைக்கு முன்புறமாதலால், வில்லை கார்னியாவின் உட்புற அணுக்களைச் சேதப்படுத்தியது. அந்த அணுக்கள் மனிதரிடம் அழிந்தால் மீண்டும் உற்பத்தியாவதில்லை. ஆகவே வைத்த வில்லைகளில் பலவற்றை எடுத்துவிட நேர்ந்தது. 1986-இல் மாஸ்கோவில் ஃபியோதரோவ் வில்லையின் இடத்தை நிறத்திரைக்குப் பின்னே கொண்டுபோன பிறகே இம்முயற்சிக்குப் புத்துயிர் வந்தது. விலங்கின் கொலாஜன் சிறிதளவு கலந்து செய்த ‘காலமர்’ என்னும் மென்மையான பொருளாலான வில்லைகள் 1990-களில் புழக்கத்துக்கு வந்தன. அமெரிக்க அரசு 2005-இல் அவற்றுக்கு அனுமதி தந்தது.

இந்தச் சரித்திரத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது, பிறகு வந்த ஒரு சின்னஞ்சிறு துவாரம். நிறத்திரைக்குப் பின்னால் சுரக்கும் நீர், நிறத்திரையின் நடுவிலுள்ள பாவையின் வழியாக முன்புறம் வந்து வடிய வேண்டும். இரத்தக்குழாய் எதுவும் இல்லாத இயற்கை வில்லைக்குப் போஷாக்கு தருவதும் அந்த நீரே. குறுக்கே ஒரு வில்லையை வைத்தால் நீரோட்டம் தடைப்பட்டு, கண் அழுத்தம் ஏறவும், காலப்போக்கில் கண்புரை தோன்றவும் இடமுண்டாகிறது. ஆகையால் முன்பெல்லாம் நிறத்திரையிலேயே லேசரால் துளையிட்டுவிட்டுத்தான் வில்லையைப் பொருத்துவார்கள். ஜப்பானிய வைத்தியர் கிமியா ஷிமிஸு, வில்லையின் நட்டநடுவே 0.36 மில்லிமீட்டர் அளவில் துவாரம் வைக்கும் முறையைக் கண்டார். பார்வைக்கு நேர் நடுவே துளையிருந்தால் உருவம் சிதையாதோ என்ற சந்தேகம் எவருக்கும் எழும். இரவில் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரிகின்றன என்று சிலர் சொல்வதும், பெரும்பாலோருக்கு அது நாளடைவில் குறைந்துவிடுவதும் உண்மையே. பார்வையின் தெளிவோ கெடுவதில்லை.

சிலிண்டர் பவர் உள்ளவர்களின் விஷயம் இன்னும் நுட்பமானது. கார்னியாவின் வளைவு ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் இருப்பதே அக்குறையாதலால், அதைத் திருத்தும் ‘டோரிக்’ வில்லை குறித்த கோணத்தில் நிலைத்திருந்தாக வேண்டும். கோணம் ஒரு பாகை விலகினால் பலனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு போய்விடும். மல்லாந்து படுக்கும்போது கண் சற்றே சுழல்கிறபடியால், நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே கண்ணில் அடையாளமிடும் வழக்கம் உண்டு.

வில்லையைத் தையலிட்டு நிறுத்துவதில்லை. அதன் அளவே அதை நிறுத்துகிறது. சிறியதானால் அது சுழலும், இயற்கை வில்லையில் உரசும்; பெரியதானால் நிறத்திரையை முன்னே தள்ளி நீர் வடியும் மூலையை அடைக்கும். 12.1 முதல் 13.7 மில்லிமீட்டர் வரை நான்கு அளவுகளில் எது பொருந்தும் என்று தீர்மானிப்பதில்தான் இச்சிகிச்சையின் ஜீவன் இருக்கிறது. சொட்டு மருந்தால் மரத்துப்போகச் செய்து, மூன்று மில்லிமீட்டரளவு கீறலின் வழியே, மடித்த வில்லையை உள்ளே விரியவிடும் ரணசிகிச்சையோ சில நிமிஷங்களில் முடிந்துவிடும். ஆகவே விலையைப் பற்றியும் வில்லையின் பெயரைப் பற்றியும் விசாரிப்போர், கார்னியாவுக்குப் பின்னேயுள்ள முன்னறையின் ஆழம் எவ்வளவு, கார்னியாவின் உட்புற அணுக்கள் எத்தனை, ஒரு வருஷமாகப் பவர் மாறாமல் இருக்கிறதா என்பவற்றையும் அவசியம் விசாரிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நாற்பது வயதுக்குப் பிறகு வரும் வெள்ளெழுத்தை இச்சிகிச்சை தடுப்பதில்லை. கடும் கிட்டப்பார்வையில் கண் நீண்டுவிட்டதால் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும் நிலையும் மாறுவதில்லை. கண்ணாடியைக் கழற்றியவர் தம் கண் குணமாகிவிட்டதாக எண்ணிப் பரிசோதனைக்குப் போகாமலிருப்பதே நான் மிகவும் அஞ்சுவது. வருஷந்தோறும் பாவையை விரியச் செய்து விழித்திரையைப் பார்த்துக்கொள்வதோடு, திடீரென மின்னல்கள் தோன்றினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்திலிருந்து திரை விழுவது போலிருந்தாலோ, அன்றைக்கே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.