மெசினுக்கும் நேரம் தவறக் கூடாது
கேம் சுவிட்ச் பற்றி எமது தொழில் முயற்சியாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை

வியாபாரத்தில் நேரத்தின் பெறுமதியை எமது வர்த்தகர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு ஒரு நாள் பிந்தி வந்தால் என்ன நடக்கும், காசோலை ஒரு நாள் முந்திப் போனால் என்ன நடக்கும் என்பதெல்லாம் அனுபவத்தில் அறிந்த விடயங்கள். ஆனால் கடையில் காட்டும் இந்தக் கவனத்தைக் கடைக்குப் பின்னால் ஓடும் மெசினில் பலர் காட்டுவதில்லை. அங்கே அரைச் செக்கன் தவறினாலும் நட்டம்தான்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் சிறு அளவில் மிளகாய்த் தூள், தேயிலை, பலசரக்கு பொதி செய்வோர் இருக்கிறார்கள். அச்சகம் நடத்துவோர், அட்டைப் பெட்டி வெட்டுவோர், சிறு பிரஸ் வைத்துத் தகரப் பொருட்கள் அடிப்போர் இருக்கிறார்கள். இவர்களுடைய மெசின்கள் அனைத்திலும் ஒரு பொது விதி உண்டு. ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்தது தொடங்க வேண்டும். பை திறந்த பின்னர்தான் தூள் விழ வேண்டும். தூள் விழுந்து முடிந்த பின்னர்தான் வாய் ஒட்ட வேண்டும். ஒட்டிய பின்னர்தான் கத்தி இறங்க வேண்டும். இந்த ஒழுங்கைக் காத்து நிற்கும் சிறிய பொருள்களில் ஒன்றுதான் கேம் சுவிட்ச்.

கேம் என்பது என்ன?

சுழலும் தண்டு ஒன்றில் பொருத்தப்பட்ட, ஒரு பக்கம் மேடான வட்டத் தட்டுத்தான் கேம். தண்டு சுழலும்போது அந்த மேடு ஒரு நெம்பைத் தள்ளும். மேடு கடந்ததும் நெம்பு பழைய இடத்துக்கு வந்துவிடும். இந்த யுக்தி புதியதல்ல. ஆர்துக்கிய ஆட்சியாளர்களிடம் பணிபுரிந்த பொறியியலாளர் அல் ஜஸரி, 1206ஆம் ஆண்டில் நிறைவு செய்த தமது நூலில், சுழலும் தண்டில் பொருத்திய கேம்களால் நெம்புகள் இயங்கும் கருவிகளைப் படத்துடன் விளக்கியிருக்கிறார்.

வெள்ளவத்தைக்கும் இது அந்நியமான விடயமல்ல. 1933ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தால் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பிடித்த வெள்ளவத்தை நூல் நூற்பு, நெசவு ஆலை இன்று இல்லை. அந்தக் காணியில் இப்போது ஹெவ்லொக் சிட்டி எழுந்து நிற்கிறது. விசைத்தறியின் அடிப்படையே கேம்தான். பாவு நூல்கள் இரண்டாகப் பிரிந்து வழிவிடும்போது நாடா பாய வேண்டும். வழி மூடும் நேரத்தில் நாடா பாய்ந்தால் நூல்கள் அறுந்துபோகும். ஆகவே நூலைப் பிரிப்பதும் நாடாவை அடிப்பதும் தறியின் தண்டுகளிலுள்ள கேம்களால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன.

பிற்காலத்தில் கேம் நெம்பைத் தள்ளுவதற்குப் பதிலாக ஒரு சிறு மின் சுவிட்சைத் தள்ளத் தொடங்கியது. 1932இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் உருவான மைக்ரோ சுவிட்ச், மிகச் சிறிய அசைவிலேயே 'டிக்' என்று திறந்து மூடும் தன்மை கொண்டது. கேமும் இந்தச் சுவிட்சும் சேர்ந்தபோது, தண்டு எந்தப் பாகையில் நிற்கிறது என்பதை வைத்து மோட்டார், வால்வு, கிளட்ச் அனைத்தையும் இயக்க முடிந்தது.

மாற்றி அமைக்கக் கூடியது எப்படி?

பழைய மெசின்களில் கேமின் வடிவம் நிரந்தரமானது. நேரத்தை மாற்ற வேண்டுமானால் புதிய கேம் கடைந்தெடுக்க வேண்டும். மாற்றியமைக்கக் கூடிய கேம் சுவிட்சில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் இரண்டு அரைத் தட்டுகள் அருகருகே இருக்கும். ஒரு தட்டின் விளிம்பு சுவிட்ச் எப்போது இயங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். மற்றத் தட்டின் விளிம்பு எப்போது விடுபட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். திருகாணியைத் தளர்த்தி, இரண்டையும் தனித்தனியே நகர்த்தி, மீண்டும் இறுக்கிவிடலாம். ஒரு பெட்டிக்குள் இப்படி நான்கு, எட்டு, பன்னிரண்டு என்று சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். பெட்டியின் தண்டு மெசினின் பிரதான தண்டோடு சங்கிலியாலோ பல்லுப் பட்டியாலோ இணைந்திருக்கும். மெசின் ஒரு சுற்றுச் சுற்றினால் கேமும் ஒரு சுற்று.

கடைக்குப் போகுமுன் ஒரு எச்சரிக்கை. பழைய சோனகத் தெருவில் வெறுமனே 'கேம் சுவிட்ச்' என்று கேட்டால், கையால் திருப்பும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத்தான் எடுத்துத் தருவார்கள். அதற்கும் கேம் சுவிட்ச் என்றுதான் பெயர். கோயம்புத்தூரின் சால்ஸர் போன்ற நிறுவனங்கள் தயாரிப்பது அந்த வகை. உங்களுக்குத் தேவையானது 'ரோட்டரி கேம் லிமிட் சுவிட்ச்'. இந்தப் பெயரையும், எத்தனை சுவிட்ச் வேண்டும், தண்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்பதையும் எழுதிக்கொண்டு போவது நல்லது.

டைமர் இருக்கும்போது இது எதற்கு?

பலரும் கேட்கும் நியாயமான கேள்வி இது. மலிவான டைமர் ஒன்றைப் போட்டால் போதாதா? டைமருக்குச் செக்கன் மட்டுமே தெரியும். மெசின் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. பெல்ட் வழுக்கினாலும், மோட்டார் திணறினாலும் டைமர் தன் கணக்கிலேயே போய்க்கொண்டிருக்கும். கேம் சுவிட்ச் அப்படியல்ல. மெசின் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகப் போகும். மெசின் நின்றால் அதுவும் நிற்கும்.

எமது நாட்டில் இதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. இங்கு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கொரியா, தாய்வான், ஒசாக்கா உள்ளிட்ட மேற்கு ஜப்பான் ஆகிய இடங்களில் 60 ஹேர்ட்ஸ். அங்கிருந்து பாவித்த மெசின் ஒன்றை இறக்கி, பொருத்தமான வோல்டேஜ் கொடுத்து ஓட்டினால், சாதாரண மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். அங்கே நிமிடத்துக்கு 60 பைகள் போட்ட மெசின் இங்கே 50 பைகள்தான் போடும். கேமினால் இயங்கும் கத்தியும் ஊட்டமும் அப்போதும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கும். டைமரால் இயங்குபவை பொருந்தாமல் போகும். 'மெசின் பழுது' என்று கழித்து வைக்கப்படும் சில மெசின்களுக்கு இந்த ஒரு விடயமே காரணமாக இருக்கலாம்.

அதற்காக டைமரே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. பையின் வாய் ஒட்டுவதற்குச் சூடு குறிப்பிட்ட நேரம் படிந்திருக்க வேண்டும். பசை காய்வதற்கும் நேரம் வேண்டும். இவை செக்கனோடு சம்பந்தப்பட்டவை. வெட்டுவது, தள்ளுவது, ஊட்டுவது போன்றவை இடத்தோடு சம்பந்தப்பட்டவை. இடத்துக்குக் கேம், நேரத்துக்கு டைமர். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள்

ஒரு சுற்று 360 பாகை. மெசின் நிமிடத்துக்கு 60 சுற்று ஓடினால், ஒரு செக்கனில் 360 பாகை. காற்றில் இயங்கும் வால்வு ஒன்று மின்சாரம் கிடைத்த பின்னர் திறப்பதற்கு 20 மில்லி செக்கன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் தண்டு 7.2 பாகை திரும்பிவிடும். அதே மெசினை 30 சுற்றுக்குக் குறைத்தால் 3.6 பாகைதான். பையின் நீளம் 12 சென்ரிமீற்றர், ஒரு சுற்றுக்கு ஒரு பை, சுருள் சீராக ஓடுகிறது என்றால் ஒரு பாகைக்கு 0.33 மில்லிமீற்றர். ஆகவே 7.2 பாகை பிசகினால் வெட்டு 2.4 மில்லிமீற்றர் தள்ளி விழும். மெதுவாக ஓட்டிச் சரிபார்த்த மெசின், வேகத்தைக் கூட்டியதும் அச்சிட்ட எழுத்தின் மேல் வெட்டுவது இதனால்தான். மெசின் எந்த வேகத்தில் ஓடப்போகிறதோ அந்த வேகத்திலேயே இறுதிச் சரிபார்ப்பைச் செய்ய வேண்டும்.

இப்போது காசுக் கணக்கு. நிமிடத்துக்கு 60 பை, நாளுக்கு 8 மணித்தியாலம் என்றால் 28,800 பைகள். நூற்றுக்கு இரண்டு கழிந்தால் 576 பைகள். ஒரு பையின் மூலப்பொருள் 5 ரூபா என்று வைத்தாலும் நாளுக்கு 2,880 ரூபா. 25 வேலை நாட்களுக்கு 72,000 ரூபா. இது உதாரணக் கணக்குத்தான். உங்கள் கழிவுக் கூடையை நிறுத்துப் பார்த்து உங்கள் சொந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரிசெய்யும் முறை

முதலில் பிரதான சுவிட்சை நிறுத்தி, மெசினைக் கையால் சுற்ற வேண்டும். தொடக்க இடத்தில் நிறுத்தித் தண்டிலும் சட்டத்திலும் ஒரு கோடு போட வேண்டும், அதுதான் பூச்சியம். பின்னர் ஒவ்வொரு வேலையும் எத்தனையாம் பாகையில் தொடங்கி எத்தனையாம் பாகையில் முடிகிறது என்று ஒரு வட்டத்தில் வரைந்துகொள்ள வேண்டும். அந்த வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு கேமின் இரு தட்டுகளையும் வைத்து இறுக்க வேண்டும். காவல் தகடுகளைத் திரும்பப் பொருத்திய பின்னரே ஓட்ட வேண்டும். மெதுவாக ஓட்டிப் பார்த்து, பிறகு முழு வேகத்தில் ஓட்டி, தாமதத்தின் அளவுக்குத் தட்டுகளை முன்னுக்கு நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மெசினை நிறுத்திவிட்டே தட்டில் கை வைக்க வேண்டும்.

கடைசி வேலைதான் பெரும்பாலும் விடுபட்டுப் போவது. பாகை எண்களை ஒரு கொப்பியில் எழுதி, மெசினின் கதவுக்குள் ஒரு பிரதியை ஒட்டிவிடுங்கள். பாஸ் வேறு இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டால் அவருடைய ஞாபகமும் அவரோடு போய்விடும். மெசினின் நேரக் கணக்கு முதலாளியின் கையில் இருக்க வேண்டும்.

தேய்மானத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு கோடி தடவை இயங்கும் என்று குறிப்பிடப்பட்ட மைக்ரோ சுவிட்ச் நிரந்தரமானது போலத் தோன்றும். மேற்சொன்ன வேகத்தில் மாதத்துக்கு 7,20,000 தடவை என்றால் ஏறத்தாழ 14 மாதங்களில் அந்த எல்லை வந்துவிடும். பெரிய கொயிலை நேரடியாக இயக்கினால் தீப்பொறியால் முனைகள் அதற்கு முன்னரே கருகும். இடையில் ஒரு சிறு ரிலே போடுவது புத்தி. தூள் பறக்கும் இடத்தில் மூடிய பெட்டி அவசியம். மிளகாய்த் தூளும் கோதுமை மாவும் திறந்த சுவிட்சை விட்டுவைக்காது.

எலக்ட்ரோனிக் வகை வாங்கலாமா?

தண்டின் பாகையை என்கோடர் ஒன்று படித்து, பீ.எல்.சி. ஒன்று சுவிட்சுகளை இயக்கும் முறை இப்போது பரவலாக உள்ளது. 50 கிராம், 100 கிராம், 250 கிராம் என்று நாளுக்கு மூன்று தடவை அளவு மாற்றுவோருக்கு இது பெரும் வசதி. எண்களைச் சேமித்து வைத்து, பொத்தானை அழுத்தி மாற்றிவிடலாம். வேகத்துக்கேற்பத் தாமதத்தைத் தானாகவே ஈடுசெய்யும் வகைகளும் உண்டு. ஆனால் பீ.எல்.சி. ஒரு தடவை தன் வேலைகளைச் சுற்றிவர 10 மில்லி செக்கன் எடுத்தால், 60 சுற்று வேகத்தில் அதுவே 3.6 பாகை. வாங்கும்போது இதைக் கேட்டறிய வேண்டும்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். மின்சாரம் போய்வந்தால் இருந்த இடம் ஞாபகம் இருக்குமா? 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். கேம் தட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். மின்சாரம் வந்ததும் அங்கிருந்தே தொடரும். 'அப்சலூட்' வகை என்கோடரும் அப்படியே. விலை குறைந்த 'இன்கிரிமென்டல்' வகை பொதுவாகத் தொடக்க இடத்தை மறுபடி தேடியே வேலையை ஆரம்பிக்கும். ஒரே அளவு, ஒரே பொருள், குறைந்த வேகம் என்றால் சாதாரண கேம் பெட்டியே போதும். அதைப் பழுதுபார்க்க மடிகணினியோடு ஆள் வரவேண்டியதுமில்லை.

கை விரலுக்கு விலை இல்லை

பிரஸ் வைத்திருப்போர் இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். பிரஸின் தலை மேலே வந்து நிற்க வேண்டிய இடத்தைக் கேம் சுவிட்ச் சொல்கிறது. ஆனால் பிரஸையும் கேம் பெட்டியையும் இணைக்கும் சங்கிலி அறுந்தால் பெட்டி அப்படியே நிற்கும். பிரஸ் தொடர்ந்து அடிக்கும். ஆகவே பிரஸுக்கு இரட்டைச் சுவிட்சும், இணைப்பு அறுந்தால் உடனே நிறுத்தும் ஏற்பாடும் வேண்டும். சுவிட்ச் முனை ஒட்டிக்கொண்டாலும் கேமே அதைப் பலவந்தமாகத் திறக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். வட்டத்துக்குள் அம்புக்குறி போட்ட அடையாளம் அதில் இருக்கும். சாவிக் கிளட்ச் உள்ள பழைய பிரஸ் இடைநடுவில் நிற்காது. அதற்கு எந்தச் சுவிட்சும் பாதுகாப்பாகாது. காவல் தகடு ஒன்றே வழி. ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காவல் போடுவது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி கடமையுமாகும். உற்பத்தி கூடவேண்டும் என்பதற்காகக் காவல் சுவிட்சைக் கம்பியால் கட்டிவைக்கும் பழக்கம் எங்கிருந்தாலும் இன்றே கைவிடப்பட வேண்டும். தொழிலாளியின் கை எமது பொறுப்பிலுள்ள அமானிதம்.

விற்பனையாளர்களுக்கும் ஒரு சொல். 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாக உயர்ந்த பிறகு புதிய மெசின் வாங்குவது பலருக்கு எட்டாத காரியம். இருக்கும் மெசினைச் சீராக ஓட்டவே சிறு தொழிலாளர்கள் விரும்புவார்கள். கேம் தட்டு, மைக்ரோ சுவிட்ச், இணைப்புச் சங்கிலி ஆகியவற்றைக் கையிருப்பில் வைத்து, எதற்கு எது பொருந்தும் என்று விளக்கிச் சொல்லக்கூடிய ஒரு கடைக்கு வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார்.

இவ்வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மெசினின் பின்பக்கக் கதவைத் திறந்து, கேம் பெட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக யார் அதைத் தொட்டது, அதன் பாகை எண்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், கொப்பியை எடுத்துக்கொண்டு பாஸுடன் அரை மணித்தியாலம் உட்காருங்கள்.