டிராக்டரை டிரெய்லரில் ஏற்றுகிறீர்களா? ரிவர்ஸில் ஏற்றுங்கள்!

உழவு சீசனில் டிராக்டரை டிரெய்லரில் ஏற்றி வெளியூர் கொண்டுபோவது வழக்கம். பயணத்தைவிட, ஏற்றும் அந்த ஐந்து நிமிடங்கள்தான் ஆபத்தானவை.

டிராக்டரின் எடையில் பெரும்பகுதி பின்பக்கம்தான். இன்ஜினின் விசையும் பின்சக்கரங்களுக்கே போகிறது. சரிவுப் பலகையில் முன்பக்கமாக ஏறினால், முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டு, வண்டி ஓட்டுபவர் மீதே கவிழ்ந்துவிடலாம். ரிவர்ஸில் ஏறினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

சமதளத்தில் நிறுத்தி, டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். டிராக்டரின் இரண்டு பிரேக் பெடல்களையும் சேர்த்துப் பூட்டுங்கள். லோ கியரில் மெதுவாக ஏறுங்கள். பாதியில் கிளட்சை மிதிக்காதீர்கள். சைகை காட்டுபவர் ஓட்டுபவரின் கண்ணில் படும்படி தள்ளியே நிற்கட்டும். ஏறியதும் ஹேண்ட் பிரேக் போட்டு, நான்கு பக்கமும் சங்கிலியால் இறுக்கிக் கட்டுங்கள். இறக்கும்போது முன்பக்கமாகவே இறக்கலாம்.