நாயும் பூனையும் ஒரே கூரையின்கீழ்

அண்ணனும் தம்பியும் மல்லுக்கு நின்றால், “ஏன்டா நாயும் பூனையுமா நிற்கிறீங்க?” என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். பிறவிப் பகைக்கு நாம் எடுத்துக்காட்டும் உவமை அது. ஆனால், பொந்தியான் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களையும் அன்னாசிக் காடுகளையும் ஒட்டி வளர்ந்தவர்களுக்கு வேறொரு காட்சியும் நினைவிருக்கும். வாசலில் நாய் படுத்திருக்கும். நாலடி தள்ளிப் படிக்கட்டில் பூனை படுத்திருக்கும். ஒன்றை மற்றொன்று கண்டுகொள்ளாது. யாரும் அவற்றைப் பழக்கியதில்லை. அதே குடும்பம் தாமானில் வரிசை வீடு வாங்கிக் குடியேறியதும் கதை மாறிவிடுகிறது. நாய் துரத்துகிறது, பூனை அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சாப்பிட மறுக்கிறது. “இது சரிப்பட்டு வராது” என்று இரண்டில் ஒன்று சந்தைப் பக்கம் கொண்டுபோய் விடப்படுகிறது. பெரும்பாலும் அது பூனையாகத்தான் இருக்கும்.

இடையில் மாறியது விலங்குகளின் குணமன்று. அவை வாழும் இடம். தோட்டத்து வீட்டில் பூனைக்குக் கூரை இருந்தது, மரம் இருந்தது, சுற்றிலும் திறந்த வெளி இருந்தது. நாய் நெருங்கினால் ஒரே தாவு. வரிசை வீட்டிலோ முன்னால் வேலி, பின்னால் சுவர், நடுவில் வழுக்கும் தரை. பூனை எலிக்கு எமன் என்பது நமக்குத் தெரியும்; தன்னைவிடப் பெரிய விலங்குக்கு அதுவே இரையாகக்கூடும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் வெளியேறும் வழியை முதலில் பார்க்கும் உயிர் அது. வழியில்லை என்றால் ஓடும். ஓடுவதைத் துரத்துவது நாயின் இயல்பு. பகை என்று நாம் பெயர் சூட்டுவதில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

எஞ்சியது மொழிச் சிக்கல். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி. பூனை வாலை இப்படியும் அப்படியும் விசிறினால் எரிச்சல். நாய் முன்னங்கால்களை நீட்டிப் பின்புறத்தை உயர்த்தினால் “விளையாட வா” என்று பொருள். பூனைக்கு அது பாயப்போகும் விலங்காகத் தெரிகிறது. இந்த மொழியை இரண்டும் கற்றுக்கொள்ளுமா? கற்றுக்கொள்ளும் என்கிறது, தெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபாயர்ஸ்டைன், தெர்கெல் ஆகிய இருவரும் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு. நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நட்புறவும், கால் பங்கு கண்டுகொள்ளாமையும் இருந்தன. சண்டை ஏறக்குறைய பத்து விழுக்காடுதான். பூனை ஆறு மாதத்திற்குள்ளும் நாய் ஓராண்டுக்குள்ளும் அறிமுகமாகி, பூனை முதலில் வீட்டுக்கு வந்திருந்தால் பலன் இன்னும் நன்றாக இருந்தது. ஒன்றின் சைகையை மற்றொன்று சரியாகப் புரிந்துகொண்டதையும் அவர்கள் கண்டனர். முதல் பருவத்தில் புதிய அறைத்தோழரோடு நாம் படும் பாடும் இதுதானே!

நம் வீடுகளில் பெரும்பாலும் நாய்தான் முதலில் இருக்கும். பிறகு ஒருநாள் மழையில் நனைந்த பூனைக்குட்டி ஒன்று வந்து சேரும். அப்போது நாம் செய்யும் முதல் தவறு, குட்டியைக் கையில் தூக்கி நாயின் மூக்கருகே காட்டுவது. நானும் அப்படித்தான் செய்தேன். தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. பிடியில் இருக்கும் பூனைக்குத் தப்ப வழியில்லை. ஆகவே, புதிதாக வந்ததை ஓர் அறையில் உணவு, தண்ணீர், மணல் தட்டு ஆகியவற்றோடு சில நாள்கள் தனியே வையுங்கள். இரண்டும் முதலில் மூக்கால் அறிமுகமாகட்டும். பழைய துணியால் பூனையின் கன்னத்தைத் துடைத்து நாயின் சாப்பாட்டுத் தட்டருகே போடலாம். நாயின் வாசம் பட்ட துணியைப் பூனைக்குக் கொடுக்கலாம். மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் உணவிடுவது இன்னும் நல்லது. எதிராளியின் வாசம் வரும்போதெல்லாம் சோறும் வருகிறது என்று இரண்டும் பழகும்.

அடுத்துக் கண்ணால் பார்ப்பது. இதற்கு நம் நாட்டு வீடுகளில் அருமையான வசதி உண்டு: இரும்பு கிரில் கதவு. கம்பி இடைவெளியில் குட்டி நுழைந்துவிடும் என்றால் கீழ்ப்பகுதியில் வலையடித்துவிடுங்கள். நாயை நன்றாக நடக்கவைத்துக் களைத்த பின் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒருபுறம் அமருங்கள். அது பூனையிடமிருந்து பார்வையை விலக்கி உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுத் தீனி. ஐந்து நிமிடம் போதும், நாளைக்கு மறுபடியும். சில வீடுகளில் ஒரு வாரத்தில் முடியும். சில வீடுகளில் இரண்டு மாதம் ஆகும். குரைக்கும் நாயைவிட, சத்தமே இல்லாமல் உடல் விறைத்து, கண்ணிமைக்காமல் பூனையையே உற்றுப் பார்க்கும் நாய்தான் ஆபத்தானது. அத்தகைய நாயை வற்புறுத்தக் கூடாது. கதவைப் பிரிவினையாக வைத்து வளர்ப்பதே நல்லது. கொண்டுபோய் விடுவது தீர்வாகாது. 2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் தம் விலங்கின் தேவைகளை நிறைவேற்ற வேண்டும் என்று கடமை விதிக்கிறது.

தோட்டத்து மரத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. சுவரில் இரண்டு பலகை அடிக்க முடியும். அலமாரி உச்சியைக் காலி செய்து, ஏறுவதற்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டாலும் போதும். பூனையின் உணவும் மணல் தட்டும் நாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். இரண்டையுமே நாய் தின்னும்! நாய்த் தீனியையே பூனைக்கும் போடலாம் என்று சிக்கனம் பார்க்க வேண்டாம். பூனைக்குத் தேவையான டாரின் என்னும் சத்து உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

இரண்டும் நட்பான பிறகு வரும் ஆபத்து ஒன்றுண்டு. அதைப் பலர் அறிந்திருப்பதில்லை. புதர்களுக்குள் புகுந்து வரும் நாய்க்கு உண்ணி பிடிக்கும். கழுத்தில் சொட்டு மருந்து விடுவோம். நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் ஈரல் அதைச் சிதைத்து வெளியேற்றும் திறனற்றது. மருந்திட்ட நாயோடு உரசிப் படுத்தாலோ, அதை நக்கினாலோ பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிரும் போகலாம். மருந்து வாங்கும்போதே “வீட்டில் பூனை இருக்கிறது” என்று கால்நடை மருத்துவரிடம் சொல்லி, வேறு மருந்து கேளுங்கள். காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பனடோலும் அப்படித்தான். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடலாம். பூனை நடுங்கத் தொடங்கினால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இரண்டும் கட்டிப்பிடித்து உறங்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கயிற்றில் இருக்கும் நாயின் முன்னால் பூனை வாலை நிமிர்த்திக்கொண்டு மெதுவாக நடந்துபோக வேண்டும். நாய் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துவிட வேண்டும். சில நாள்கள் தொடர்ந்து இப்படி நடந்தால், பக்கத்தில் இருந்துகொண்டே கயிற்றை அவிழ்த்துப் பார்க்கலாம்.