மோட்டார் சைக்கிள் வாங்குவோர் கவனத்திற்கு

அரியாங்குப்பத்தின் ஊடே புதுச்சேரிக்கும் கடலூருக்கும் செல்லும் நெடுஞ்சாலையில் காலை வேளையில் சிறிது நேரம் நின்று பார்ப்போமாயின், மோட்டார் சைக்கிள் நம் மக்களின் வாழ்வில் எத்துணை இடம் பெற்றுவிட்டது என்பது நன்கு விளங்கும். ஒரு வண்டியில் நூல் சிப்பம் செல்கிறது. மற்றொன்றில் கீரைக்கட்டும் வாழைத்தாரும் செல்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் இருவரை முன்னும் பின்னும் அமர்த்திக்கொண்டு ஒரு தாய் செல்கிறாள். 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பெற்றுப் புல்லட் வண்டிகளைச் செய்யத் தலைப்பட்டபோது, மோட்டார் சைக்கிள் என்பது படைவீரர்க்கும் போலீசார்க்கும் வசதி படைத்தோர்க்கும் உரியதாகவே கருதப்பட்டது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தபின், இயந்திரம் பூட்டிய இருசக்கர வண்டி உழைப்பாளியின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது. இன்று அது ஆடம்பரப் பொருளன்று. தறியைப் போலவும் ஏரைப் போலவும் தொழிற்கருவியே ஆகும்.

தொழிற்கருவியை வாங்குங்கால் காட்டவேண்டிய எச்சரிக்கையை நம்மவர் வண்டி வாங்குவதில் காட்டுகின்றனரா என்பதே நம் கேள்வி. "விலை என்ன?" என்று ஒன்று கேட்கின்றனர், "மாதம் எவ்வளவு கட்டவேண்டும்?" என்று மற்றொன்று கேட்கின்றனர். கேட்கவேண்டிய கேள்விகள் வேறு இரண்டு உள. வண்டி எவர் பெயரில் இருக்கிறது? கடைசித் தவணை கட்டி முடிந்த அன்று நாம் கொடுத்திருக்கும் மொத்தத் தொகை யாது? இவ்விரண்டிற்கும் விடை தெரிந்தவர், தனியாரிடம் வாங்கினாலும் வணிகரிடம் வாங்கினாலும் ஏமாறுவது அரிது.

கைமாறுவது வேறு, பெயர் மாறுவது வேறு

அக்கம்பக்கத்தில் தெரிந்தவரிடம் பழைய வண்டி வாங்குவதில் நன்மை உண்டு. இடையில் வணிகர் இல்லாமையால் விலை குறையும். வண்டி ஓடிய வரலாறும் நமக்குத் தெரிந்திருக்கும். ஆனால் "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று பதிவுச் சான்றை, அதாவது ஆர்.சி.யை, பழைய பெயரிலேயே விட்டுவிடும் வழக்கம் பெருந்தீங்கு விளைப்பதாகும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாட்களுக்குள் விற்பனையைப் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பித்தல் வேண்டும். 29, 30 எண்ணுள்ள படிவங்கள் இதற்கென்றே உள்ளன. இதைச் செய்யாவிடின் விளைவு என்ன? 2007இல் விற்கப்பட்ட கார் ஒன்று, பதிவேட்டில் பெயர் மாறாமலே பலர் கைமாறிச் சென்று 2009இல் ஓர் உயிரைப் பறித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றும், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் பொறுப்பு அவரை விட்டு நீங்கவில்லை!

ஆகவே பெயர் மாற்றம் என்பது வாங்குபவரின் கவலை மட்டுமன்று. விற்பவரின் வீட்டையும் நிலத்தையும் காக்கும் வேலியுமாகும். நம் உறுப்பினர் தம் பழைய வண்டியை விற்றால், பணத்தை எண்ணிப் பெற்றுக்கொள்வதோடு நின்றுவிடலாகாது. படிவங்களில் கையொப்பமிட்டுச் சமர்ப்பித்து, அவற்றின் நகலையும் பத்திரப்படுத்துக.

இன்ஷூரன்ஸிலும் ஒரு நுட்பம் உண்டு. வண்டி விற்கப்பட்டதும், மூன்றாம் நபருக்கு நேரும் கேட்டிற்கான காப்பு வாங்கியவருக்கு மாறியதாகச் சட்டம் கொள்கிறது. ஆயினும் 14 நாட்களுக்குள் காப்புறுதி நிறுவனத்திற்கு விண்ணப்பித்துப் பாலிசியில் பெயரை மாற்றிக்கொள்ளல் வேண்டும். மாற்றாதவர், தம் வண்டி களவு போனாலோ உடைந்தாலோ இழப்பீடு கேட்டு நிற்க இயலாது.

வாங்குமுன் பார்க்கவேண்டியவை சில. வண்டியின் சட்டகத்திலும் எஞ்சினிலும் பொறித்துள்ள எண்கள் ஆர்.சி.யில் உள்ளவற்றோடு ஒத்திருக்கவேண்டும். ஆர்.சி.யில் ஏதேனும் ஒரு வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் அடமானக் குறிப்பாக இருப்பின், கடன் தீர்ந்ததற்கான சான்றும் 35ஆம் எண் படிவமும் கைக்கு வரும்வரை பணம் தரலாகாது. கட்டப்படாத அபராதங்கள் உளவா என்பதை அரசின் பரிவாகன் இணையத்தளத்தில் வண்டியின் எண்ணைக் கொண்டு காணலாம். பின்னர் வண்டியையே பார்க்கவேண்டும். நம் ஊர் ஆற்றுமுகமும் கடற்காற்றும் சேர்ந்த ஊர். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். மேலே மெருகு பளபளத்தாலும், பெட்ரோல் டாங்கின் அடிப்புறத்தையும் சைலன்சரின் அடிப்பகுதியையும் தடவிப் பார்க்கவேண்டும். சூடேறாத எஞ்சினைக் காலையில் நம் கண்முன் கிளப்பச் சொல்லி, நீலநிறப் புகை வருகிறதா என்றும் கவனிக்கவேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால், அவருக்குக் கொடுக்கும் கூலி வீண்போகாது.

முள்ளோடையில் ஓர் எல்லை

1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி கைமாறும் வரை, நமக்கும் கடலூருக்கும் இடையே இரு நாடுகளின் எல்லை இருந்தது. இன்று நாட்டெல்லை இல்லை. மோட்டார் வாகனப் பதிவைப் பொறுத்தவரை மட்டும் முள்ளோடையில் எல்லை இன்னும் இருக்கிறது. கடலூரில் மலிவாகக் கிடைக்கிறதென்று "டி.என். 31" எண்ணுள்ள வண்டியை வாங்கி வந்து அரியாங்குப்பத்தில் நிலையாக வைத்துக்கொண்டால், 12 மாதங்களுக்கு மேற்படின் புதுச்சேரியின் "பி.ஒய்." எண்ணைப் பெறவேண்டும். அதற்குப் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. இங்குள்ள வரியையும் செலுத்த நேரும். இச்செலவையும் அலைச்சலையும் கூட்டிப் பார்த்த பின்னரே, கடலூர் விலை மலிவா அன்றா என்று முடிவு செய்தல் தகும்.

வணிகரிடம் வாங்கும்போது

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் வணிகர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெறவேண்டும் என்னும் விதி 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. அங்கீகாரச் சான்றைக் காட்டுமாறு கேட்பது மரியாதைக் குறைவன்று, உரிமையாகும். அத்தகைய வணிகர் பெயர் மாற்றத்திற்கும் தாமே விண்ணப்பிக்கலாம். அவர் கேட்கும் கூடுதல் விலைக்கு இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறாரா என்பதே நாம் ஆராயவேண்டியது.

புதிய வண்டியாயின் பதிவு முடிந்து எண் பொருத்திய பின்னரே அதனை ஒப்படைக்கவேண்டும் என்பது சட்டம். 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பெற்றது. விலைச்சீட்டில் வண்டி விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ், உபரிப் பொருள்கள் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுக. இன்ஷூரன்ஸை அந்தக் கடையில்தான் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வண்டியோடு தரமுத்திரை பெற்ற தலைக்கவசம் ஒன்றை அளிக்கவேண்டும் என்பதும் விதியே.

"பத்து வட்டி" என்பதன் பொருள்

இனித் தவணைக்கு வருவோம். "பத்து விழுக்காடுதான் வட்டி" என்று ஒருவர் சொன்னால், "எதன் மீது?" என்று உடனே கேட்கவேண்டும். ஒரு கணக்கைப் பார்ப்போம். கடன் 80,000 ரூபாய். காலம் 3 ஆண்டு. வட்டி 10 விழுக்காடு.

முழு முதலுக்கும் மூன்றாண்டுகளும் வட்டி போட்டால் வட்டி 24,000 ரூபாய். மொத்தம் 1,04,000 ரூபாய். மாதத் தவணை சுமார் 2,889 ரூபாய். குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி போட்டால் மாதத் தவணை சுமார் 2,581 ரூபாய். வட்டி ஏறத்தாழ 12,900 ரூபாய். இரண்டிற்கும் பெயர் "பத்து வட்டி"யே. வேற்றுமையோ 11,000 ரூபாய்! முதல் முறையில் கடனாளி மாதந்தோறும் முதலில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துகொண்டே வருகிறார். கடைசி மாதத்தில் அவரிடம் எஞ்சியிருக்கும் கடன் 3,000 ரூபாய்க்கும் குறைவு. ஆயினும் வட்டி 80,000 ரூபாய்க்கே போடப்படுகிறது. இதனைக் குறையும் நிலுவை முறையில் கணக்கிட்டால் உண்மை வட்டி கிட்டத்தட்ட 18 விழுக்காடாகிறது.

இதனை அறிந்துகொள்ள எளிய வழி ஒன்று இப்போது உண்டு. 2024 அக்டோபர் முதல், வங்கிகளும் கூட்டுறவு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்க்கு வழங்கும் புதிய கடனுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு குறிப்பைத் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த உண்மையான ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். கையொப்பமிடுமுன் அந்தத் தாளைக் கேட்டுப் படிக்கவும்; நம் கூட்டுறவு வங்கியிலும் விசாரித்து இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடவும். கடன் தீர்ந்த பின் சான்றை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் போதாது, ஆர்.சி.யில் உள்ள அடமானக் குறிப்பை நீக்கினால்தான் வண்டி முழுதும் நம்முடையதாகும்.

ரொக்கமா, தவணையா?

ரொக்கம் தருவோர்க்கு வட்டி இல்லை. எனினும் அந்த ரொக்கம் உண்மையில் கையிருப்பா, அல்லது அடுத்த பாவுக்குரிய நூற்பணமா, அடுத்த போகத்து விதைப்பணமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும். முதலை வண்டியில் முடக்கிவிட்டுப் பின்னர் நூலுக்காக அதிக வட்டிக்குக் கடன் வாங்குவது, ஒரு கையால் மிச்சப்படுத்தி மறு கையால் கொட்டுவதேயாகும்.

தவணை கட்டுவோர் தம் வருவாயின் காலத்தை நோக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாவுக்குக் கஞ்சி போட்டு உலர்த்த முடிவதில்லை, குழித்தறியில் ஈரம் ஊறுகிறது, கூலி குறைகிறது. பயிர் செய்வோர்க்கு அறுவடையின்போதுதான் பணம் வருகிறது. தவணையோ மழை பார்ப்பதில்லை, அறுவடைக்குக் காத்திருப்பதுமில்லை. ஆகவே நல்ல மாதத்து வருவாயை வைத்துத் தவணையை முடிவு செய்யாமல், ஆண்டின் மிக மெலிந்த மாதத்தில் எவ்வளவு கட்ட இயலும் என்பதை வைத்தே முடிவு செய்க. மூன்று மாதத் தவணைக்குரிய பணத்தைச் சேமிப்பில் ஒதுக்கிவிட்டுக் கடன் வாங்குவது இன்னும் நன்று. தவணை தவறிய வண்டியை ஆட்களை விட்டு வலுவில் பறித்துச் செல்வது தகாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கண்டித்திருக்கிறது. ஆயினும் அந்நிலைக்கு வாராமல் இருப்பதே குடும்ப மானத்திற்கு அழகு.

வண்டியினால் மிச்சமாகும் பஸ் கட்டணம், நேரம், சரக்குக் கூலி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, எதிரே தவணையையும் பெட்ரோலையும் பழுதுச் செலவையும் எழுதுக. வரவு மிகுந்தால் தயங்காமல் வாங்கலாம். செலவு மிகுந்தால், ஓராண்டு சங்கத்தில் சேமித்துப் பாதி விலையை முன்பணமாகக் கட்டி, பாதிக்கு மட்டும் கடன் பெறலாம். பதறாத காரியம் சிதறாது. உறுப்பினர்கள் கடன் தாளில் கையொப்பமிடுமுன் அதனைத் தம் சங்கச் செயலாளரிடம் ஒருமுறை காட்டி, மொத்தத் தொகையைக் கூட்டிப் பார்த்துக்கொள்வார்களாக.