தொழிற்சங்க அங்கீகாரம்: பின்னி ஆலைகளும் சென்னைத் தொழிலாளர் சங்கமும்

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தொடங்கப்பட்டது. தலைவர், உறுப்பினர், சந்தா, வாராந்திரக் கூட்டம் என்ற ஒழுங்கோடு இந்தியாவில் அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் இதையே குறிப்பிடுகின்றனர். இச்சங்கம் எதிர்கொண்டது அன்றைய சென்னை மாகாணத்தின் பெரிய முதலாளிகளுள் ஒன்றான பின்னி நிறுவனத்தை.

1918 முதல் 1921 வரை இந்த இரு தரப்புக்கும் இடையே சாப்பாட்டு நேரம், கூலி, பதவி உயர்வு எனப் பல சச்சரவுகள் எழுந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்த கேள்வி ஒன்றுதான்: தொழிலாளர்களுக்காகப் பேச வரும் சங்கத்தைப் பேச்சுவார்த்தைக்கு உரிய தரப்பாக நிறுவனம் ஏற்க வேண்டுமா? தொழில் உறவுகளில் இதையே 'அங்கீகாரம்' என்கிறோம்.

ஆலைகளும் தொழிலாளர்களும்

வடசென்னையில் பின்னி நிர்வகித்த பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை ஆகிய இரண்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கப்பட்டவை. 1920இல் இவை ஒரே கம்பெனியாக இணைக்கப்பட்டு 'பி அண்டு சி மில்' என்று பெயர் பெற்றன. படைகளுக்கான காக்கித் துணிக்குப் பெயர்போன ஆலைகள் இவை. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இவற்றில் வேலை செய்தனர். பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி வட்டாரக் குடும்பங்களில் பல இந்த ஆலைச் சங்கொலியைக் கேட்டே விழித்தன.

பின்னியைக் கொடிய முதலாளி என்று மட்டும் எழுதிவிட்டால் கதை விளங்காது. ஆலைப் பிள்ளைகளுக்குப் பள்ளி, மருந்தகம், குடியிருப்பு என்று அக்காலத்தில் பல முதலாளிகள் நினைத்தும் பாராத வசதிகளை அது செய்திருந்தது. தொழிலாளிக்கு நல்லது செய்ய அது தயங்கவில்லை. எது நல்லது என்பதைத் தொழிலாளியோடு உட்கார்ந்து முடிவு செய்யத்தான் அதற்கு மனம் வரவில்லை.

1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் வயதுவந்த ஆண்களின் வேலை நேரத்தை 12 மணியாக வரையறுத்திருந்தது. அத்தனை நீண்ட வேலைக்கு நடுவே கிடைத்த உணவு இடைவேளை அரை மணி. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வாசலைக் கடந்து, சாப்பிட்டு, கதவு மூடுவதற்குள் திரும்ப அந்த அரை மணி போதவில்லை. தாமதமாக வந்தவருக்கு நஷ்டம். மேலாளர்களின் ஏச்சும் அடியும் தனிக் குறை. முதல் உலகப் போரால் அரிசி, துணி விலைகள் ஏறியிருந்தன; கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை.

பத்து நிமிடம்

பெரம்பூர்ப் பகுதியில் சமயச் சொற்பொழிவுகள் நடத்திவந்த கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமானுஜலு நாயுடுவும் தொழிலாளர்களின் குறைகளை அருகிலிருந்து கேட்டவர்கள். அன்னி பெசன்ட்டின் 'நியூ இந்தியா' ஏட்டில் பணியாற்றிய பி. பி. வாடியாவை அவர்கள் நாடினார்கள். வாடியா பம்பாயைச் சேர்ந்த பார்சி, பிரம்ம ஞான சபைக்காரர், தமிழ் அறியாதவர். அவரே சங்கத்தின் தலைவரானார். 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்த திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவரானார். தொழிலாளர் மேடைகளில் அவரது தமிழ் ஒலிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

சங்கத்தின் முதல் வெற்றி சிறியது. உணவு இடைவேளை 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடமானது. பத்து நிமிடம் என்பது இன்று வாசிப்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஆலையின் கடிகாரம் தொழிலாளர் சொல்லுக்காக நகர்ந்தது அதுவே முதல்முறை. போர் நடந்துகொண்டிருந்ததால் வேலைநிறுத்தம் வேண்டாம் என்று வாடியா தொடக்கத்தில் தொழிலாளர்களைத் தடுத்துவந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தூண்டிவிடும் வெளியாள் என்று நிறுவனம் யாரைச் சொன்னதோ அவரே பல நேரம் அணை போட்டவராகவும் இருந்தார்.

வாடியா மீது வழக்கு

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையின் நெசவுப் பிரிவில் ஒரு பதவி உயர்வு குறித்துத் தகராறு எழுந்தது. மூப்பு உள்ளவரைத் தாண்டி வேறொருவருக்கு அந்த இடம் போனதாகத் தொழிலாளர்கள் முறையிட்டனர். அது முற்றி நிர்வாகம் கதவடைப்பு செய்தது. டிசம்பர் 9ஆம் நாள் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் இரண்டு பேர் இறந்தனர்.

இந்தக் கட்டத்தில் பின்னி எடுத்த ஆயுதம் நீதிமன்றம். வேலை ஒப்பந்தத்தை மீறும்படி தொழிலாளர்களைத் தூண்டியதாக வாடியா மீதும் சங்கத் தலைவர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் அது வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

இவ்வழக்கின் அடிப்படை ஆங்கிலேயப் பொதுச் சட்டம். இருவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மூன்றாமவர் தூண்டிக் கெடுத்தால், கெட்ட தரப்பு அவரிடம் நட்டஈடு கேட்கலாம். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே இருப்பதும் ஒப்பந்தமே. ஆகவே 'வேலைக்குப் போகாதே' என்று சொல்லும் சங்கத் தலைவர் அந்த மூன்றாமவர் ஆகிவிடுகிறார். இங்கிலாந்தில் 1906ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் சங்கங்களை இந்தப் பொறுப்பிலிருந்து விடுவித்திருந்தது. இந்தியாவில் அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. லண்டனில் குற்றமில்லாத செயல் பெரம்பூரில் வழக்காயிற்று.

1921 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. வழக்கைக் கைவிட நிறுவனம் கேட்ட விலை, வாடியா சங்கத்தோடு தொடர்பை அறுத்துக்கொள்வது. அவர் விலகினார். அதன்பின் அவர் தொழிலாளர் இயக்கத்துக்குத் திரும்பவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் என். எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் தொழிற்சங்கங்களைப் பதிவு செய்து பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பின்னி வழக்கு எழுப்பிய அதிர்ச்சியே அதற்கு உடனடித் தூண்டுதல்.

1921: உள்ளிருந்து வந்த பிளவு

1921 மே மாதம் கர்நாடிக் ஆலையின் நூற்புப் பிரிவினர் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினர். நிர்வாகம் கதவை அடைத்தது. ஜூன் 20 அன்று பக்கிங்காம் ஆலைத் தொழிலாளர்களும் ஆதரவாக வெளியேறினர். போராட்டம் அக்டோபர் வரை நீண்டது.

எல்லாரும் வெளியே நிற்கவில்லை. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். எம். சி. ராஜா வேலைநிறுத்தத்தில் சேர வேண்டாம் என்று அவர்களுக்கு அறிவுரை சொன்னார். ஆலைக் கூலியை விட்டால் அவர்களில் பலருக்கு வேறு பிடிமானம் இல்லை என்பதும் ஒரு காரணம். ஜூன் இறுதியில் புளியந்தோப்பில் அவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. மோதல்கள் பல வாரம் தொடர்ந்தன. ஆகஸ்ட் 29 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் பலர் மடிந்தனர். வீடிழந்த ஆதி திராவிடர்களை அரசு முகாம்களில் தங்கவைத்தது. நீதிக் கட்சித் தலைவர்களில் சிலர் இதை அரசின் ஓரவஞ்சனை என்று சாடினர். எம். சி. ராஜா அக்கட்சியிலிருந்து விலகிச் செல்வதற்கு இந்த நிகழ்வு ஒரு காரணமாயிற்று.

பழைய தொழிற்சங்க வரலாறுகள் சில இந்தப் பகுதியை 'முதலாளியின் பிரித்தாளும் சூழ்ச்சி' என்ற ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன. சூழ்ச்சி இருந்திருக்கலாம், பிரிவினையால் நிர்வாகம் பயன் பெற்றது உறுதி. ஆனால் தறியருகே ஒன்றாக நின்றவர்கள் வேலை முடிந்ததும் தெருவுக்கும் சேரிக்கும் தனித்தனியே போனார்கள். மூன்றாண்டுச் சங்கம் அந்த இடைவெளியைக் கடக்கவில்லை. தம் குடிசை எரிந்ததைக் கண்டவரிடம் 'நாமெல்லாம் ஒரே வர்க்கம்' என்று பிறகு சொல்வது எளிதான காரியமாக இருந்திருக்காது.

அக்டோபரில் தொழிலாளர்கள் கேட்டது கிடைக்காமலேயே வேலைக்குத் திரும்பினர். சங்கத்தை நிறுவனம் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக, தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெற்ற ஆலைக் குழுவின் வழியாகக் குறைகளைக் கேட்கும் முறையை அது வளர்த்தது. 'எங்கள் தொழிலாளர்களோடு பேசுவோம், வெளிச் சங்கத்தோடு பேச மாட்டோம்' என்ற நிலைப்பாட்டின் வடிவம் அது.

சட்டம் தந்ததும் தராததும்

ஜோஷியின் தீர்மானம் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமாக உருப்பெற்று, 1927 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு பேர் சேர்ந்து சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்றது அது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம், அந்நிறுவனத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கினர் அல்லது நூறு பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சேர்த்தது. சட்டத்தின் 18ஆம் பிரிவைப் படிப்பவருக்கு வாடியா நினைவுக்கு வருவார்: தொழில் தகராறின்போது வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்ற காரணத்துக்காக மட்டும் பதிவு பெற்ற சங்கத்தின் மீது உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது. 22ஆம் பிரிவு, ஆலையில் வேலை செய்யாத வெளியாட்களும் ஒரு வரம்புக்குள் நிர்வாகிகளாக இருக்க இடம் தந்தது.

ஆனால் பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவைக் கொடுப்பது அரசின் பதிவாளர். அங்கீகாரத்தைக் கொடுப்பது முதலாளி. பதிவு பெற்ற சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்று 1926ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. மகாராஷ்டிரம் 1971இல் அங்கீகாரத்துக்குத் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

இதன் விளைவை எந்த ஆலை ஊரிலும் பார்க்கலாம். கோவையின் பஞ்சாலையானாலும், ராஜபாளையத்து நூற்பாலையானாலும், ஆலங்குளத்தில் இருப்பது போன்ற அரசு சிமெண்ட் ஆலையானாலும், ஊதியப் பேச்சு என்று வந்தால் முதலில் எழும் கேள்வி 'யாரோடு?' என்பதே. தொழிலாளர்கள் சட்டப் பிரிவு எண்களையே பெயராக்கி '12(3) ஒப்பந்தம்', '18(1) ஒப்பந்தம்' என்று சொல்வதுண்டு. இவை 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து வந்தவை. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாகும் 12(3) ஒப்பந்தம் ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும். இரு தரப்பும் தாமாகச் செய்துகொள்ளும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே கட்டுப்படுத்தும். ஒரு சிறு குழுவோடு 18(1) போட்டுவிட்டுப் பெரிய சங்கத்தை வெளியே நிறுத்த நிர்வாகத்தால் முடியும் என்பதால், எந்த வகை ஒப்பந்தம் என்பதே சில நேரம் சண்டையாகிவிடுகிறது.

சுங்குவார்சத்திரம், 2024

பி அண்டு சி மில் 1996இல் மூடப்பட்டது. அது எழுப்பிய கேள்வி மூடப்படவில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் திருப்பெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரத்தில் 2007 முதல் இயங்கும் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஊதிய உயர்வும் கேட்டார்கள். ஆனால் தலையாய கோரிக்கை, சிஐடியு வழிகாட்டலில் தாங்கள் தொடங்கிய சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது.

தென்கொரியாவிலேயே சாம்சங் பல பத்தாண்டுகள் சங்கம் கூடாது என்ற கொள்கையோடு நடந்த நிறுவனம். அக்கொள்கைக்காக அதன் தலைவர் லீ ஜே-யோங் 2020 மே மாதத்தில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இருந்தும் இங்கே சங்கப் பதிவுக்கான விண்ணப்பம் நிலுவையில் கிடந்தது. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் இடம்பெறுவதை நிறுவனம் எதிர்த்தது.

அக்டோபர் தொடக்கத்தில் நிறுவனம் ஓர் ஒப்பந்தம் அறிவித்தது: மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, கூடுதல் குளிர்சாதனப் பேருந்துகள். ஒப்பந்தத்தில் எதிர்த் தரப்பாகக் கையெழுத்திட்டது தொழிலாளர் குழு ஒன்று, சங்கம் அன்று. நூறாண்டுக்கு முந்தைய பின்னி ஆலைக் குழுவை அறிந்தவருக்கு இது புதிதாக இருந்திருக்காது. போராடியவர்கள் அதை ஏற்கவில்லை. ஓரிரு நாளில் காவல்துறை போராட்டப் பந்தலை அகற்றியது. மாநில அமைச்சர்கள் நடத்திய பேச்சுகளுக்குப் பின், 37 நாள் கழிந்து, அக்டோபர் 15 அன்று வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அங்கீகாரம் அப்போதும் கிடைக்கவில்லை.

பதிவுக்காகச் சங்கம் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தியது. விண்ணப்பத்தின் மீது ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்குமாறு டிசம்பரில் நீதிமன்றம் பதிவாளருக்கு உத்தரவிட்டது. 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவு பெற்றது. 1920இல் சங்கத்தின் வாயைக் கட்டிய அதே நீதிமன்றம் இம்முறை அதன் பதிவுக்கு வழி திறந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே நின்ற வேறுபாடு 1926ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு கிடைத்த சில நாளிலேயே சங்கத்தைச் சேர்ந்த மூவர் பணியிடைநீக்கம் செய்யப்பட, ஆலைக்குள் மறுபடி உள்ளிருப்புப் போராட்டம் வெடித்தது. ஊதிய ஒப்பந்தம் 2025 மே மாதத்தில்தான் கைகூடியது.

அந்த 1926ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்துள்ளது. பேச்சுவார்த்தைக்குரிய சங்கம் எது என்பதை அகில இந்திய அளவில் முதன்முறையாக இச்சட்டம் வரையறுக்கிறது. பல சங்கங்கள் உள்ள நிறுவனத்தில் வருகைப் பதிவேட்டின்படி 51 விழுக்காட்டுத் தொழிலாளர்களின் ஆதரவு பெற்ற சங்கமே பேச வேண்டிய ஒரே சங்கம். எவருக்கும் 51 இல்லையென்றால், 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்ட பேச்சுவார்த்தைக் குழு அமைய வேண்டும். அதே சட்டம், எந்தத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு இன்றி வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரத் தொழிலாளர்களைவிட எண்ணிக்கையில் மிகுந்த ஆலைகளில் அந்த 51 விழுக்காடு யாரை வைத்துக் கணக்கிடப்படும் என்பதே சங்கங்கள் இப்போது எழுப்பும் அடுத்த கேள்வி.