சாம்பியனுக்கும் அங்கே டிமோஷன் இருந்தது!

ஐ.பி.எல்-ல கடைசி இடம் பிடிச்சாலும், அடுத்த வருஷமும் அதே ஐ.பி.எல்தான். ஆனா, இங்கிலாந்தில் 1999-ல் தொடங்கிய நேஷனல் லீக் அப்படி இருக்கலை பாஸ்!

அதற்கு முன்பு 18 கவுன்டி அணிகளும் ஒரே பட்டியலில் இருந்தன. பாதி சீஸனிலேயே கோப்பை வாய்ப்பு போய்விட்டால், மிச்ச மேட்ச் எல்லாம் ஒப்புக்குத்தான். நேஷனல் லீக்கில் தலா 9 அணிகளோடு இரண்டு டிவிஷன்கள். ஒரு இன்னிங்ஸுக்கு 45 ஓவர். சீஸன் முடிவில் மேல் டிவிஷனின் கடைசி 3 அணிகள் இறங்கின. கீழ் டிவிஷனின் முதல் 3 அணிகள் ஏறின. அதனால, ஆறாவது இடத்துக்கும் ஏழாவது இடத்துக்கும் நடுவேதான் உயிர்ப் போராட்டமே!

முதல் சீஸனில் மேல் டிவிஷன் சாம்பியன், அந்த வருஷம் முத்தையா முரளிதரன் ஆடிய லங்காஷயர். கீழ் டிவிஷனில் முதலிடம் சசெக்ஸுக்கு. அடுத்த வருஷம்? ரெண்டு அணிகளுமே கீழே இறங்கிடுச்சு! 2000-ல் கோப்பை வென்ற குளோஸ்டர்ஷயருக்கும் 2001-ல் அதே கதிதான்.

போன வருஷக் கோப்பை, இந்த வருஷ இடத்துக்கு கேரன்ட்டி இல்லை. இப்படிப்பட்ட லீக்கின் பாயின்ட்ஸ் டேபிளைப் பார்த்தா, மேலே மட்டுமல்ல, கீழேயும் கொஞ்சம் பாருங்க. நிஜமான த்ரில் அங்கேதான் இருக்கும்!